பத்து பவுண்டு

இன்ஜினை வலுவாக்கிய பழைய கார் ஒன்று அவனியாபுரத்தில் என் பட்டறைக்கு வந்தது. புது எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்பையும், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரையும் நானே மாட்டினேன். மறுநாளே கார்பரேட்டரில் பெட்ரோல் நிரம்பி வழிந்தது, ஒரே கரும்புகை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கார்பரேட்டரைச் சர்வீஸ் செய்திருந்த பழங்காநத்தத்து மெக்கானிக்கைப் போனில் பிடித்து, கார்க்காரரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுத் திட்டினேன்.

“வேலை தெரியலைன்னா கடையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதானப்பா?”

என்னைவிடப் பத்து வயது இளையவர் அவர். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கார்க்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

“எம்புட்டு பிரஷர் வச்சிருக்கீகண்ணே?”

“புது பம்ப்புப்பா. அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

நான் அளந்தே பார்க்கவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் தன் பிரஷர் கேஜைப் பெட்ரோல் குழாயில் இணைத்து இன்ஜினை ஓடவிட்டார். முள் பத்து பவுண்டில் நின்றது. அந்தக் கார்பரேட்டர் தாங்குவதோ ஐந்துதான். உள்ளே பெட்ரோலை அடைக்க வேண்டிய ஊசியை அந்த அழுத்தம் தள்ளித் திறந்துகொண்டிருந்தது. ரெகுலேட்டர் திருகை அவர் தளர்த்தத் தளர்த்த முள் ஐந்துக்கு இறங்கியது. புகையும் அடங்கியது. என்னை ஏறிட்டும் பார்க்காமல் கேஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கார்க்காரர் திரும்பி வந்தார். “என்னப்பா ஆச்சு?”

“கார்பரேட்டர்ல தூசி கிடந்துச்சுண்ணே. என் தப்புத்தேன்,” என்றார் அவர்.

கார்க்காரர் என்னைப் பார்த்து, “நீங்க போன்ல திட்டுனது சரித்தேன்,” என்றார்.

“ஆமா,” என்றேன்.