வத்தையில் போய்வந்த பிறகு

பாளையம்பட்டியில் எங்களுக்கு விதை, பூச்சிமருந்துக் கடை. பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவர் என் வீட்டுக்காரர். நானும் குறைந்தவள் இல்லை. ஹாஸ்டலில் இருக்கும் மகள் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தாலே வார்டனைக் கூப்பிட்டுவிடுவேன். நீச்சல் தெரியாத நாங்கள் இரண்டு பேரும் கடலுக்குள் போனோம் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள்.

போன தை மாதம் மூக்கையூரில், அவரோடு கல்லூரியில் படித்த மீனவ நண்பரின் புதுவீட்டு விசேஷம். சாப்பாடு முடிந்ததும் நண்பர், "வாங்க மதினி, வத்தைல பாய் விரிச்சு ஒரு சுத்து போய்ட்டு வருவோம்" என்றார். வத்தை என்பது நாலைந்து பேர் உட்காரக்கூடிய சின்னப் படகு. இவர் வேண்டாம் என்பார் என்று நினைத்து நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாய் காற்றைப் பிடித்ததும் வத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. எனக்குப் பயம்தான். ஆனால் இறங்க மனமில்லை. இவரோ வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இவுகளுக்கு ஒத்துக்கல போலண்ணே, திருப்பிருங்க" என்றேன். அதே நேரம் இவரும், "அவ பயப்படுறாடா, போதும்" என்றார். நண்பர் திருப்பிவிட்டார்.

ஊர் திரும்பிய பிறகு இவர் அடிக்கடி போனைப் பார்ப்பதும், நான் வந்தால் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதுமாக இருந்தார். ஏதாவது டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டை மறைக்கிறாரோ என்று எனக்குப் பயம். இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஒரு மத்தியானம் இவர் சாப்பிட உட்கார்ந்தபோது போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். கடல் படம். அதன்மேல் அம்பு அம்பாகக் கோடுகள். ஓரத்தில் மூக்கையூர்.

"என்னங்க இது?"

சோற்றில் கை அப்படியே நின்றது. "காத்து. அங்க எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சும்மா பாக்குறது. நீ பயப்படுவன்னு சொல்லல."

"எனக்குப் பயம்தான். ஆனா அன்னைக்கு நான் உங்களுக்காகத்தான திருப்பச் சொன்னேன்!"

அப்புறம் நானும் ஒத்துக்கொண்டேன். பெண்கள் பாய்க்கயிறு பிடிக்கலாமா என்று நண்பரின் மனைவியிடம் போனில் விசாரித்து வைத்திருந்தேன்.

மறு ஞாயிறே போனோம். நண்பர் கூட இருந்து சொல்லிக்கொடுக்க, இவர் சுக்கான் பிடித்தார், நான் பாய்க்கயிறு. கரை சின்னதாகிவிட்ட இடத்தில் திடீரென்று காற்று ஓங்கி அடித்தது. வத்தை சாய்ந்து விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. "கயித்த விடுங்க மதினி!" என்று நண்பர் கத்தினார். பயத்தில் என் விரல்கள் திறக்கவில்லை.

"ஏய், விடு!"

இவர் என்னை அப்படி அதட்டியதே இல்லை. விட்டேன். பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, வத்தை நிமிர்ந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. கேனை வெட்டிச் செய்த குவளையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரைக்கு வந்தோம்.

நனைந்த துணியோடு மணலில் இறங்கினோம். இனி இந்தப் பக்கமே வேண்டாம் என்று இவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இவரோ நண்பரை உட்காரவைத்து, கயிற்றை எப்போது விடவேண்டும் என்று மணலில் வரைந்து காட்டச் சொன்னார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளிடம் சொன்னபோது அழுதுவிட்டாள். "நீச்சல் தெரியாம என்னம்மா வேல இது? கத்துக்கிறவரைக்கும் போகக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இப்போது மல்லாங்கிணறு பக்கம் தெரிந்தவர் தோட்டத்துக் கிணற்றில், இடுப்பில் லாரி ட்யூப் கட்டிக்கொண்டு இறங்குகிறோம். இவர் ட்யூப் இல்லாமலே எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டார். நான் இன்னும் பிடித்த மோட்டார் பைப்பை விடவில்லை.