எங்கள் சபை பாடாதிருந்த வருடங்கள்

உபதேசியார் ஆசீர்வாதம் இறந்த செய்தி எனக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. நகரியிலிருந்து வந்திறங்கிய நெசவுக்காரர் யோபு, தோளில் இருந்த துணி மூட்டையைக்கூட இறக்காமல், "சார், நம்ப உபதேசியாரு பூட்டாரு. நேத்தே அடக்கம் பண்ணிட்டோம்" என்றார். அடக்கத்துக்குக்கூட நான் இல்லை. மனம் ஆறாமல்தான் சபையாராகிய உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நான் நகரியில் பள்ளி ஆசிரியராகவும் சபைச் செயலாளராகவும் இருந்த காலம் முழுதும் அவர்தான் உபதேசியார். பிரசங்கத்தில் அவர் "கடைசியாக" என்றால் இன்னும் அரைமணி நேரம் பாக்கி என்று அர்த்தம். முகத்துக்கு நேரே கேலி செய்வோம். அவரும் சிரிப்பார்.

ஆந்திரம் தனி மாநிலமானபோது நம் ஊரும் அதோடு போயிற்று. அந்த வாரம் ஆலயத்தில் தீர்க்கதரிசனம் வாசித்தார். சிறைப்பட்டுப்போன ஜனத்தைக் கர்த்தர் திரும்பக் கூட்டிச் சேர்ப்பார், அவர்கள் நடுவில் அவரே களிகூருவார் என்ற பகுதி. நமக்கோ எல்லையைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. சென்னை ராஜ்யத்தோடு சேரும்வரை கல்யாணத்திலும் அறுப்பின் பண்டிகையிலும் பாட்டும் மேளமும் இல்லை என்று கர்த்தருக்கு வாக்குக் கொடுத்து சபை பொருத்தனை செய்தது. அவருக்கு அது முழுமனதாக இல்லை. "சந்தோஷத்துக்கு எதுக்கு வேலி போட்டுக்கினு இருக்கீங்க? தர்றவரு கர்த்தரு" என்றார். பிறகு சம்மதித்துவிட்டார்.

அவருடைய ஒரே மகள், தாயில்லாத கிருபாவின் கல்யாணம் அந்த வருடங்களில்தான் வந்தது. ஆலய வாசலில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு பாட்டு நைனா. நீயே பாடு, போதும்" என்று கெஞ்சினாள். அவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பொருத்தனைம்மா. உன் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கறப்போ பாடிக்கினே வர்றேன்" என்றார். சத்தமில்லாமல் தாலி கட்டி, சத்தமில்லாமல் சாப்பிட்டுக் கலைந்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் பிரசவத்தில் கிருபாவும் குழந்தையும் போய்விட்டார்கள். பொருத்தனையில் அடக்கத்துக்குத் தடை இல்லை. அவளுக்காக நாம் பாடியது அந்த அடக்கப் பாட்டு மட்டும்தான். அவர் வாய் திறக்கவில்லை.

பின்னர் எல்லை முடிவாயிற்று. திருத்தணி சென்னைப் பக்கம் போனது. நாம் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டோம். மறு ஞாயிறு அவர் பிரசங்க பீடத்தில் ஏறாமல் நம்மோடு கீழே நின்றார். "எல்லையப் பாத்துக்கினு இருந்தேன், எம் பொண்ணப் பாக்கல. நம்ப நடுவுல களிகூருவேன்னு கர்த்தர் சொன்னாரு. எந்த எல்லைக் கல்லுக்கு எந்தப் பக்கம்னு சொல்லல. தப்பாப் படிச்சவன் நான். பொருத்தனையோட பாரம் எம்மேல. நீங்க பாடுங்க" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "ஏழு வருசம் எங்க வாயக் கட்டினியே, பாவி!" என்று கத்தினார். உபதேசியார் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

அதன்பின் தமிழ் வீடோ தெலுங்கு வீடோ, எந்தக் கல்யாணத்திலும் முதல் பாட்டு அவருடையதுதான். குரல் உடைந்து எங்கெங்கோ போகும், பிள்ளைகள் சிரிப்பார்கள். பாடி முடித்தால் பந்தியில் உட்காரமாட்டார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்தப் பொருத்தனையை எழுதியவன் நான். மூன்று நாள் அவர் வீட்டில் உட்கார்ந்து வாதாடி அவரைச் சம்மதிக்க வைத்தவனும் நான். கிருபா கேட்டபோது அவர் திரும்பிப் பார்த்தது என்னைத்தான். கூடாது என்று தலையாட்டினேன். அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட அந்த ஞாயிறு நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு திருப்பதிக்கு ஓடிவந்துவிட்டேன்.

ஒரே ஒருமுறை, சபையில் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் போனேன். "வுடு சார். ரெண்டு பேரு எதுக்கு சுமக்கணும்?" என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சொல்தான். இனிச் சுமக்க நான் ஒருவன்தான். இந்தக் கடிதத்தை வருகிற ஞாயிறு எல்லோரும் கேட்க வாசியுங்கள். அன்றைக்கு அவரைப் பாவி என்று கத்தியவரும் கேட்கட்டும்: கிருபாவுக்குப் பாட்டை மறுத்தவன் நான்.