வெள்ளிக்கிழமை முழுக்கு

பச்சைத் தண்ணீர்க் குடத்தை யார் கொண்டுவந்தாலும் துலுக்கானம் பதறிப்போவார். "ஐயய்யே! எண்ணெ தேச்சிகினு கீது, வெந்நி கொண்டாங்கோ!" குளிப்பது அவரல்ல, பூந்தமல்லி அரிசி மில் பரந்தாம முதலியாரின் மோட்டார் கார். அடித்திருகைக் கழற்றி, கறுத்துப்போன எஞ்சின் எண்ணெயை வடித்து, புது எண்ணெய் ஊற்றி, ரேடியேட்டரில் வெந்நீர் விட்டால்தான் டிரைவர் துலுக்கானத்துக்கு மனசு ஆறும்.

இத்தனை மைலுக்கு ஒரு தரம் எண்ணெய் மாற்று என்று விற்றவன் சொல்லித்தான் விற்றான். மைல் காட்டும் முள், வேலப்பன்சாவடிப் பள்ளத்தில் கார் இறங்கிய அன்றே படுத்துவிட்டது. அப்புறம் எதைக் கொண்டு கணக்கு வைப்பது? "தீபாவளிக்குத் தீபாவளி மாத்தினா போதும்" என்றார் முதலியார். மனுஷர் அத்தனை சிக்கனம்! "நீங்க வருசத்துக்கு ஒருவாட்டியா தலை முளுவுறீங்கோ மொதலாளி?" என்று மடக்கினார் துலுக்கானம். கடைசியில் மாதம் ஒரு முழுக்கு என்று ராஜியானார்கள்.

எந்தக் கிழமை? ஆணுக்குச் சனி, பெண்ணுக்கு வெள்ளி. கார் ஆணா, பெண்ணா? "கிளம்ப இவ்வளவு நேரம் ஆவுதே, பொம்பளைதான்" என்றார் முதலியார். "எல்லாரையும் சுமந்துட்டுத் திட்டும் வாங்கிக்குதே, பொம்பளையேதான்" என்றார் அவர் மனைவி தாட்சாயிணி. ஆக, மாதத்தின் முதல் வெள்ளி.

முழுக்குப் போட்ட நாளில் கார் வாசல் தாண்டாது. காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடுமாம். இந்த ஐப்பசியில் அதுதான் வம்பாகிவிட்டது. முதலியார் மகள் வசந்தாவுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை ராஜசேகரன் வெள்ளிக்கிழமை பகல் ரயிலில் ஆவடியில் இறங்குகிறார். கார் உள்ள வீடென்று பெண் எடுத்தவர். ஜட்கா வண்டியை அனுப்பினால் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடக்கூடிய ஆசாமி. துலுக்கானமோ விடியற்காலையிலேயே முழுக்காட்டி முடித்துவிட்டார்.

முதலியார் கத்திப் பார்த்தார். துலுக்கானம் அசையவில்லை. வசந்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அழுவாத தாயி" என்று துலுக்கானம் காரைச் சுற்றிக் கிளப்பும் ஹாண்டிலைக் கையில் எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே அப்பாடா என்றிருந்தது. வேடிக்கையை விடுவானேன் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

ஆவடியில் மாப்பிள்ளை ஜரிகை அங்கவஸ்திரமும் முறைப்புமாக நின்றிருந்தார். துலுக்கானம் நேரே அவரிடம் போனார். "கோச்சிக்காதீங்கோ மாப்ளே, இன்னிக்குத்தான் தலை முளுவிச்சி, காத்து ஆவாது" என்று சொல்லி, அங்கவஸ்திரத்தை உருவிக் காரின் முகத்தில் சுற்றி, காது மறையக் கட்டினார். விளக்கு இரண்டும்தான் காது. மாப்பிள்ளை திறந்த வாயைப் பூந்தமல்லி வரை மூடவில்லை.

வாசலில் வசந்தா அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததும் மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார், நல்ல காலம். தாட்சாயிணி ஆரத்தி சுற்றினார்.

துலுக்கானம் மட்டும் சிரிக்கவில்லை. அங்கவஸ்திரத்தை விலக்கி, எஞ்சின் மூடியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, முதலியாரை ஒரு முறை முறைத்தார்.

"காயுது."