வால்பாறை மாப்பிள்ளைக்கு ஒரு படுக்கை

காரைக்குடியில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வெயில் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளும் சில வாரங்களுக்கு மார்கழி என்று பெயர். அதற்கே என் அப்பா காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு, எமனிடமிருந்து தப்பி வந்தவர் போல உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட வீட்டில், அறுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழியில், மலைக்குளிரிலேயே வளர்ந்த ஒருவருக்குக் கதகதப்பாகப் படுக்கை போடுவது எப்படி என்று மாநாடு நடந்தது.

அந்த ஒருவர் என் மச்சான், அக்காவின் கணவர். பூர்வீகம் கீழச்சிவல்பட்டி என்றாலும் வேலையும் குடும்பமும் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கல்யாணமாகி அங்கே போன அக்கா, தலைதீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. கேட்டால், "குளிரு ஒத்துக்கல" என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள். குளிருக்குப் பயந்து புருஷனை விட்டு வந்தவள் என்று தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பதினைந்து வயதில் எதற்குத்தான் வராது?

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மார்கழியில் ஒரு நடை வந்து பேசிவிட்டு, தை பிறந்ததும் அழைத்துப் போவதாக மச்சான் சொல்லி அனுப்பியிருந்தார். இந்தத் தடவை அவர் முகம் கோணித் திரும்பினால் அக்கா வாழாவெட்டியாக வீட்டோடு கிடக்க வேண்டியதுதான் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள்.

செட்டிநாட்டு வீடு என்றதும் தேக்குத் தூண்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். தூணெல்லாம் முன்கட்டில், வீட்டுக்கார ஆச்சிக்கு. பின்கட்டில் வாடகைக்கு இருந்த எங்களுக்கு ஓர் அறையும் அடுப்படியும். அடுப்படியில் பெண்கள் படுத்துக்கொள்வோம். அறையில் அப்பா, அப்பாவின் சைக்கிள், கண்டரமாணிக்கத்து வயலிலிருந்து வந்த நெல் மூட்டைகள். அப்பாவின் குறட்டையைத் தனி ஆளாகவே சேர்த்துக்கொள்ளலாம். இத்தனை பேரோடுதான் மச்சானும் படுத்தாக வேண்டும்.

ஆச்சிக்கு விஷயம் எட்டியது. நாற்பது வயது, வெண்கலத் தொண்டை. அவள் கணவர் செட்டியார் மலாயாவில் இருந்தார்.

"ஏத்தா, வால்பாறைக்காரருக்குக் கோரப்பாயா விரிக்கப் போற? அங்க மெத்தை மேல மெத்தை போட்டுல்ல படுப்பாக! எங்கிட்ட விடு" என்று சாவிக்கொத்தை எடுத்தாள்.

செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரையெல்லாம் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். ஊரே வந்து பார்த்து மூக்கில் விரல் வைக்கும். பிறகு எல்லாம் அறைக்குள் போய்விடும், பூட்டு விழும். ஆச்சியின் இலவம்பஞ்சு மெத்தை அப்படி உள்ளே போனது, அன்றைக்குத்தான் அந்துருண்டை வாசனையோடு வெளியே வந்தது. அதுவரை அதன்மேல் ஒரு பூனைகூடப் படுத்ததில்லை.

சைக்கிளை நகர்த்தி, ஆச்சியின் கட்டிலைப் போட்டு, அதன்மேல் மெத்தையைப் போட்டோம். அதற்கு மேல் இரண்டு கம்பளி. கால்மாட்டில் மடித்து வைக்க ஒரு காஷ்மீர் சால்வை. தலைமாட்டில் வெல்வெட்டுத் திண்டு. தலையணை உறையில் ஆச்சியே பின்னிய இரண்டு கிளிகள், நடுவில் இங்கிலீஷில் குட் நைட். அம்மா தன் பழைய பட்டுச் சேலையைக் கிழித்துக் கட்டிலைச் சுற்றி ஓரம் தைத்தாள். பின்னால் இருந்த நெல் மூட்டைகள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று அவற்றுக்கும் ஒரு ஜமுக்காளம் போர்த்தினோம். முடித்துவிட்டுப் பார்த்தால் காளையார்கோவில் தேர் அறைக்குள் நிற்பது போல் இருந்தது. வடம் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். மச்சான் வந்து இறங்கியபோதும் ஒரு கும்பல் கட்டிலைச் சுற்றி நின்றது. "இந்த வெல்வெட்டு எங்க அப்பச்சி பர்மாவுல இருந்து கொண்டாந்தது. தொடாதீக, அழுக்காயிரும்" என்று ஆச்சி அதட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

எங்களில் மாமியார், மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று, "சாப்புடச் சொல்லுங்க" என்று சுவரிடம் சொல்வாள். சுவர் அப்பாவிடம் சொல்லும். அக்காவோ அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. சாப்பாடு முடிந்ததும் அப்பா, "படுங்க மாப்ளே" என்று பொதுவாகக் கையை வீசிவிட்டுத் தன் பாயில் சாய்ந்தார். உடனே குறட்டை கிளம்பியது.

விடியற்காலையில் வாசலில் கோலம் போட எழுந்த நான், கோலமாவு எடுக்க அறைக்குள் போனேன். மெத்தையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கிளிகள் இரண்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. சைக்கிளுக்கும் நெல் மூட்டைக்கும் நடுவில், வெறும் சிமெண்டுத் தரையில், வெற்றுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு மச்சான் சுருண்டு கிடந்தார்.

நான் போய்ச் சொன்னதுதான் தாமதம், அம்மா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "மெத்தையத் தொடலையே! நம்ம ஒறவே வேணாம்னுட்டாகளே!" அந்தச் சத்தத்துக்கு ஆச்சியும் ஓடிவந்தாள். "எம் மெத்தையில என்னத்தக் கொறையக் கண்டாக?" என்று அவள் ஒரு பக்கம். அப்பா எழுந்து உட்கார்ந்து திருதிருவென்று விழித்தார். அக்கா வாழ்க்கை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அக்கா கிணற்றடியிலிருந்து ஈரக்கையோடு வந்து நேரே மச்சான் முன்னால் நின்றாள்.

"ஏன் கீழ படுத்தீக?"

மச்சான் முதலில் தும்மினார். "ஆச்சி வீட்டுச் சீர் சாமான்னு நெனச்சேன். பொம்பளைக எல்லாம் வந்து பாத்துக்கிட்டு இருந்தாக, தொடாதீகன்னு ஆச்சி வேற சொன்னாக. சின்னப் புள்ளையில கீழச்சிவல்பட்டிக்கு வந்தப்ப ஒரு கல்யாண வீட்டுல, பரப்பி வச்ச மெத்தையில ஏறி உக்காந்து செமத்தியா அடி வாங்கிருக்கேன்." மறுபடி தும்மினார்.

ஆச்சிதான் முதலில் சிரித்தாள். பிறகு அப்பா, கதவுக்குப் பின்னால் அம்மா, நான். வால்பாறைக் குளிருக்கு அசையாத மனிதரைக் காரைக்குடித் தரை கவிழ்த்துவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. "ஒரு பாய், போர்வை கேட்டா என்ன?"

"மாமா உறங்கிட்டாக. வந்த எடத்துல யாரப் போயி எழுப்புறது? கூச்சமா இருந்துச்சு."

"ஒரு ராத்திரிக்கே கூச்சமா இருந்துச்சா? நான் போனதுல இருந்து அப்படித்தான் கெடந்தேன்."

எங்கள் சிரிப்பு நின்றது.

"கம்பளியெல்லாம் உங்க ஆத்தாளுக்கும் தங்கச்சிகளுக்கும். எனக்கு வாசக்கதவோரம் ஒத்தப் பாய். கதவு இடுக்குல பனி வந்து மூஞ்சியில அடிக்கும். நீங்க அங்குட்டுத் தம்பிகளோட படுத்துக்குவீக. ஒரு நாளாச்சும் கேட்டீகளா?"

"நீ சொல்லலையே" என்றார் மச்சான்.

"கட்டிக்கிட்டுப் போனவுகதான் கேக்கணும்."

மச்சான் போர்த்தியிருந்த சாக்கை மடித்து மூட்டைமேல் வைத்தார். "சரி, தை பொறந்ததும் கெளம்பு. போயிப் பாத்துக்கலாம்" என்றார்.

"மொதல்ல நீங்க போங்க. வாசலோரம் படுக்க மாட்டான்னு உங்க ஆத்தாகிட்ட நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, வாரேன்."

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "அடிப் பாவி" என்றாள். மச்சான் சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பஸ் ஏறிவிட்டார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் அக்கா அந்தக் கட்டிலில் ஏறினாள். கம்பளி இரண்டையும் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, பட்டப்பகலில் வேர்க்க விறுவிறுக்கத் தூங்கினாள். ஆச்சியின் சீர் மெத்தையாயிற்றே என்று அம்மா பதறி எழுப்பப் போனாள். ஆச்சி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"எழுப்பாத. நாந்தான் படுக்கல, அவளாச்சும் படுக்கட்டும்" என்றாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலும் போனது. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா வாசலுக்கு ஓடினாள். அக்கா ஓடவில்லை, ஆனால் சோறும் இறங்கவில்லை. இனி வரமாட்டார் என்று நாங்கள் எல்லோரும் மனசுக்குள் முடிவு செய்துகொண்ட ஒரு சாயங்காலம் மச்சான் வந்து நின்றார். செம்புத் தண்ணீரை வாங்கக்கூட இல்லை.

"சொல்லிட்டேன்" என்றார் அக்காவைப் பார்த்து.

"என்ன சொன்னாக?"

"ரெண்டு நாளு பேசல. பெறகு அவுக படுக்குற எடத்துக்குப் பக்கத்துல, சொவரோரமா எடம் ஒதுக்கிட்டாக. கம்பளிய நான் வாங்கி வச்சிருக்கேன்."

அத்தனை மாதமும் அழாத அக்கா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே போய்ப் பெட்டியை எடுத்தாள்.