கற்சிலுவையில் ஒட்டிய மண்

ஹந்தானை மலை அடிவாரத்து மாதா கோயில் முற்றத்தில் நிற்கும் கற்சிலுவை, ஆடிக் கலவரத்தில் தானாகவே மண்ணைப் பூசி முகத்தை மறைத்துக்கொண்டதாம். அந்த மண்ணைக் குழைத்து நெற்றியில் தடவினால் காய்ச்சல் பறந்துவிடுமாம். புசல்லாவையிலிருந்தெல்லாம் பஸ் ஏறிவந்து சுரண்டிக்கொண்டு போகிறார்கள். நல்ல கதைதான். நடந்தது இதைவிட நல்ல கதை; கேளுங்கள்.

இராஜகுமாரிக்குப் பெயரில்தான் ராஜ்யம். சொத்தென்று இருந்தது செவலைப் பசு ஒன்று. கோயில் முற்றத்துப் புல்லை அவள்தான் வெட்டுவாள். புல் பசுவுக்கு, சாணி கோயில் மதிலுக்கு. அவள் அங்கே வரட்டி தட்டுவது, பின்னறையில் குடியிருந்த யாழ்ப்பாணத்து றீற்றா டீச்சருக்கு ஆகாது.

"இது கோயில் மதிலோ, மாட்டுக் கொட்டிலோ? நாத்தம் தாங்கேலாமல் கிடக்கு!"

"வெயில் அடிக்கிற எடம் இது ஒன்னுதானுங்க டீச்சரம்மா. மாதாவே ஒன்னும் சொல்லல."

மாதா சொல்லாததை டீச்சர் பாதரிடம் சொன்னார். வரட்டிக்குத் தடை விழுந்தது. இருவருக்கும் பேச்சும் நின்றது.

எண்பத்து மூன்று ஆடியில் கண்டி டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்தன. பாதர் உதவி தேடிப் போயிருந்தார். டீச்சர் பீடத்துக்குப் பின்னாலிருந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். கும்பல் மேலே ஏறிவரும் இரைச்சல் கேட்டபோதுதான், புல் வெட்டிக்கொண்டிருந்த இராஜகுமாரி சிலுவையைப் பார்த்தாள். கேற்றடியில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, ஆள் உயரக் கல். போர்த்துக்கேயர் காலத்தது என்பார் சிலர், கோப்பித் தோட்டக் காலத்தது என்பார் சிலர். அதில் வெட்டியிருந்த தமிழ் எழுத்தோ ரோட்டிலிருந்தே தெரியும். அதைக் கண்டால் உள்ளே தேடாமல் போவார்களா? துணி போர்த்தினால் தூக்கிப் பார்ப்பார்கள். எவனும் தொடாத சாமான் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. சாணிக் கூடையோடு ஓடினாள். தட்டினாள், தட்டினாள், உச்சியிலிருந்து அடிவரை தட்டினாள். அந்தக் கையாலேயே தன் பொட்டையும் அழித்தாள்.

தடியோடு முன்னால் வந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே தமிழர் யாரும் உண்டா என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஹரக்கா விதறய்," என்றாள். மாடு மட்டும்தான் என்று. ஒருவன் சிரித்தான். கும்பல் கீழே இறங்கிவிட்டது.

வெளியே வந்த டீச்சர் சிலுவையைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பாதர் வாளியோடு வந்தபோது குறுக்கே நின்றதும் டீச்சரேதான்.

"அதில தண்ணி ஊத்தினியள் எண்டால் நான் இஞ்ச இருக்கமாட்டன் பாதர்!"

ஒட்டியது ஒட்டியபடியே காய்ந்தது. விஷயம் தெரியாதவர்கள் அதைப் புனித மண்ணாக்கினார்கள். நெற்றியில் பூசுவதோடு நின்றவரை இராஜகுமாரி வாய் திறக்கவில்லை. திருநீறும் சாணியிலிருந்துதானே வருகிறது! ஆனால் யுத்தம் முற்றிய காலத்தில் ஒருநாள், புசல்லாவைக்காரி ஒருத்தி சுரண்டியதை வாயிலேயே போடப் போனாள். இராஜகுமாரி பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள்.

"அடி ஆத்தா, திங்காத! அது தானா வந்த மண்ணுமில்ல, சாமி பூசின மண்ணுமில்ல. நான் தட்டுன சாணி!"