மடிக்கணினியின் கீழே நான்கு மிதப்புகள்

என் மேசையில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. அதன் நான்கு மூலைகளுக்கும் கீழே வலையில் கட்டுகிற மிதப்புகள் நான்கு. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்தவை. கணினியின் அடிச்சூடு பட்டுப் பட்டு மேற்பக்கம் தட்டையாகிவிட்டது. உள்ளே காற்றுப் போகட்டும் என்று அவற்றை அங்கே வைத்தவர் அப்பா. கடலுக்குப் போகிற மனிதரின் வீட்டில் மிதப்புக்கா பஞ்சம்? அதுவும் வலைகள் கூரை வளையில் தூசி பிடித்துத் தொங்கிய ஆண்டுகளில்.

யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை பூட்டப்பட்டிருந்த காலம் அது. எங்கள் நாரந்தனை ஆட்கள் ஆழக் கடலுக்குப் போக முடியாது. நேவி பாஸ் கொடுத்தால் போகலாம். ஆனால் கரையில் நிற்கிறவன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தோடு நின்றுவிட வேண்டும். அப்பாவுக்கு அது கடலே இல்லை. கோயில் உச்சிக் குருசு கண்ணுக்கு மறைகிற இடத்தில்தான் கடல் தொடங்குகிறது என்பார். "உது முழங்கால் தண்ணி, பிள்ளை. உதுக்குள்ளை கொக்குத்தான் மீன் பிடிக்கும்." பாஸ் கிடைத்த நாட்களிலும் பலவேளை போகமாட்டார். கதிரையில் இருந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். இன்னாரைக் காணவில்லை என்று யாராவது வந்து சொல்வார்கள். "அப்பிடியோ" என்று கேட்டுவிட்டு அம்மா உலை வைக்கப் போவார்.

நான் அப்போது கம்பஸில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். லீவு நாட்களில் புளியங்கூடலில் ஒரு கணினி வகுப்பில் போய்ப் பழகுவேன். இருட்டுவதற்கு முன் என்னைக் கூட்டிப்போக அப்பா சைக்கிளில் வருவார். ஒருநாள் அங்கே பெடியள் படகு ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டிருந்தார்கள். அப்பா வாசலில் நின்றபடி பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். திரையில் படகு கொஞ்சம் போனதும் கடல் கட்டி கட்டியாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் தம்பி, தண்ணி விறைச்சுப்போய் நிக்குது?"

"இதிலை கிராபிக்ஸ் கார்ட் இல்லை, ஐயா. அது இருந்தால் தண்ணி ஓடும்."

அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு மிதித்தார். அந்தச் சொல்லை மனதில் போட்டுக்கொண்டு வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கொழும்பில் அக்காவோடு இருந்த அத்தான், என் படிப்புக்கு ஒரு மடிக்கணினி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். கடைக்குள் நின்றபடி தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, விலை ஒண்டுதான், சாமான் ரெண்டு. ஒண்டிலை பற்றறி நிண்டு பிடிக்கும், ஆனால் தனிக் கார்ட் இல்லை. மற்றதிலை கார்ட் இருக்கு, அதுக்கெண்டு தனி மெமரியும் இருக்கு. ஆனால் பற்றறியைக் குடிச்சுப்போடும், அடியும் சுடும். பெரிய கேமுகள் ஓடாது, சின்னனுகள் ஓடும். எதை எடுக்க?"

எந்த மடையனும் பற்றறி உள்ளதைத்தான் எடுப்பான். எங்கள் வீட்டில் கரண்ட் வருகிற நாளை விட வராத நாள்தான் கூட. அதைச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த அப்பா, "கார்ட் உள்ளதை எடுக்கச் சொல்லு" என்றார்.

"உந்த மனுசனுக்கென்ன விசரோ? பிள்ளை படிக்கவோ வாங்கிறது, விளையாடவோ?" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து கத்தினார்.

"தண்ணி ஓட வேணும்" என்றார் அப்பா. அவர் எதையும் கேட்டே எத்தனையோ காலமாகியிருந்தது. நான் கார்ட் உள்ளதையே சொன்னேன்.

கணினி வந்ததும் அந்தப் படகு விளையாட்டைப் போட்டுப் பார்த்தோம். தண்ணீர் ஓடியது. முதல்நாளே அடி சுட்டது. அப்பா வலையிலிருந்து நான்கு மிதப்புகளை அறுத்து வந்து கீழே வைத்தார். கரண்ட் இருக்கிற பின்னேரங்களில் நான் பாடத்தை முடித்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த விளையாட்டில் மற்றப் படகுகளை முந்த வேண்டும், புள்ளி எடுக்க வேண்டும். அப்பா எதையும் முந்தவில்லை. கரையில் இருந்த வெளிச்சவீட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு நேரே போவார். அது சிறுத்துச் சிறுத்து மறையும். பிறகு எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். "இனித்தான் கடல்" என்பார். முகத்தில் சந்தோஷம் என்று ஒன்றும் இராது. எனக்கு எரிச்சல்தான் வரும். பற்றறி இறங்கிக்கொண்டிருக்கும்.

போர் முடிந்தது. எங்கள் கரையில் யாரும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சில மாதங்களில் கட்டுப்பாடு தளர்ந்தது, எவ்வளவு தூரமும் போகலாம் என்றார்கள். அப்பா வலையை இறக்கித் தூசி தட்டினார், படகுக்குத் தார் பூசினார். முதல்நாள் அம்மா செபமாலையும் கையுமாகக் கரையில் நின்றார். நானும் நின்றேன். படகுகள் ஒவ்வொன்றாகப் புள்ளியாகி மறைந்தன. அப்பாவின் படகும் புள்ளியானது. ஆனால் மறையவில்லை. பழைய எல்லை எதுவோ அந்த இடத்திலேயே நின்றது.

"எஞ்சின் பழுதாக்கும், மாதாவே" என்றார் அம்மா. வெயில் ஏறும்வரை அந்தப் புள்ளி அசையவில்லை. பிறகு திரும்பி வந்தது.

"எஞ்சினுக்கு என்னப்பா?"

"ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் நிண்டனீங்கள்?"

"அங்காலை போகத் தோன்றேல்லை, பிள்ளை. கை தானா நிப்பாட்டிப்போட்டுது."

அன்று பின்னேரம் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். வெளிச்சவீடு மறைந்தது. எஞ்சினை நிற்பாட்டினார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வர வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. வரவில்லை.

அதற்குப் பிறகும் சில தடவை போனார். அந்த இடத்துக்கு அப்பால் ஒருநாளும் போகவில்லை. கடைசியில் வலையைப் பக்கத்து வீட்டு அண்ணைக்குக் கொடுத்துவிட்டார். அவர் வலையை விரித்துப் பார்த்துவிட்டு, "நாலு மிதப்புக் குறையுதே" என்றார்.

"அது பாவிப்பிலை கிடக்கு" என்றார் அப்பா. அவை கணினிக்குக் கீழே பயன்பாட்டில்தான் இருந்தன.

அப்பா போய்ச் சேர்ந்து கன காலம். கணினியும் போய்விட்டது, எந்தப் பொத்தானை அமத்தினாலும் திரை வராது. போன கிழமை அக்காவின் மகன் அழைத்தான். அவனும் கம்பஸுக்குப் போகிறான். லப்ரொப் வாங்க வேண்டும், கொஞ்சம் கேமும் விளையாட வேண்டும். "கார்ட் உள்ளது சுடுமாம், சித்தி. எதை எடுக்க?"

"கார்ட் உள்ளதை எடு."

"சுட்டால்?" என்று சிரித்தான். "அம்மப்பா வைச்ச அந்த நாலு மிதப்பையும் எனக்குத் தாங்கோவன். உங்கடை லப்ரொப் செத்துக் கன காலம்தானே?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"ஏலாது, ராசா. அது பாவிப்பிலை கிடக்கு."