நஷ்டக் கணக்கில் ஒரு வீடு

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் காலை டீயோடு சம்பளத்தையும் கேட்டுவிடுகிறார்கள். "எத்ர கிட்டும்?" என்று பெஞ்சில் ஒருவர் கேட்பார். ஃபாக்டரிக்குப் போகும் இன்னொருவர் பிடித்தம் போகக் கைக்கு வருவதை அப்படியே சொல்லுவார். இருவருக்கும் கூச்சமில்லை. என்னைக் கேட்டால் மட்டும் "ஏதோ ஓடுதுங்க" என்பேன். இதென்ன பதில் என்று அவர்கள் விழிப்பார்கள். உடுமலைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதுவே முழுப் பதில் என்று தெரியும். நன்றாக ஓடுகிறது என்று சொன்னால் கண் படும், கைமாற்று கேட்டு ஆள் வரும், வரிக்காரரும் வருவார். எங்கள் பக்கத்தில் தொழில் செய்கிறவன் லாபத்தை வாயால் சொன்னதே கிடையாது.

கோவையில் லேத் ஓட்டக் கற்றுக்கொண்டு, எழுபதுகளின் நடுவில் வாளையார் எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்கு வந்தவன் நான். இங்கே புதிதாக எழும்பிய ஃபாக்டரிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை என்னுடையது. பட்டறையை ஒட்டிய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் பம்பாயில் இருக்கும் மகனிடம் போக முடிவு செய்து, ஓணம் வரை பொறுப்பதாகவும், அதற்குள் நான் வாங்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுப்பதாகவும் சொன்னார். என் மனைவி சரசு, கல்யாணமான நாள் முதல் ஊர் ஊராகப் பாத்திரம் மூட்டை கட்டிச் சலித்தவள்.

"இந்த ஊடும் போச்சுன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேனுங்க. நீங்க லேத்துகூடக் குடும்பம் நடத்துங்க" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கடன் கொடுக்கும் சொசைட்டிக்குப் போனேன். செக்ரட்டரி பாலக்காட்டு மலையாளி, பொறுமைசாலி. என் வருமான வரிக் கணக்கைக் கேட்டார். என்னுடைய கோவை ஆடிட்டர் கெட்டிக்காரர். இரும்பு, கூலி, கரண்டு, லாரி வாடகை, மெஷின் தேய்மானம், மோட்டார் சைக்கிள் பெட்ரோல் என்று எல்லாவற்றையும் செலவில் கழித்து, வரியே வராத அளவுக்கு என் லாபத்தை இளைக்க வைத்திருந்தார். அதில் பொய் ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. வருடா வருடம் அதைப் பார்த்துப் பூரித்துப்போவேன்.

"இது எந்தா? உங்க பட்டறையில வேலை எடுக்குற ஆளுக்கே இதைக்காட்டில் கூடுதல் கிட்டுமே. தவணை எங்ஙனெ அடைக்கும்?" என்றார் செக்ரட்டரி.

அது வரிக்காகப் போட்ட கணக்கு, தொழில் நன்றாகவே நடக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லிப் பழக்கமில்லாததால் எனக்கே அது பொய் போலக் கேட்டது. அவர் யோசித்துவிட்டு, ஒரு நாள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

சொன்னபடி வந்தார். ஆனால் வரிக்காரரைப் போல ஜீப்பில் வந்தார், கக்கத்தில் ஃபைலோடு வந்தார். அதுதான் வினையாகப் போயிற்று. ஜீப்பும் ஃபைலும் வந்தால் என்ன செய்வது என்று எங்கள் பட்டறைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊரிலிருந்து என்னோடு வந்த ஆறுமுகம் ஓடிக்கொண்டிருந்த லேத்துகளை நிறுத்திவிட்டு, புது மெஷின்மேல் சாக்கைப் போட்டு மூடினான். தடுக்க வேண்டிய நானே கையைக் கட்டிக்கொண்டு, "ஆர்டரே இல்லீங்க சார். எல்லாம் சும்மா கெடக்குதுங்க, நட்டந்தான்" என்று பஞ்சப்பாட்டு பாடினேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டபோதுதான், லாபத்தைப் பார்க்க வந்த மனுஷன் என்பது உறைத்தது. உறைத்தும் நாக்கு திரும்பவில்லை.

மோர் கொண்டுவந்த சரசு டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, "ஏனுங்க சார், இவரு பேச்சைக் கேக்காதீங்க. அந்தச் சாக்கைத் தூக்கி மெஷினைத் தொட்டுப் பாருங்க, இன்னும் சுடும்" என்றாள்.

தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் சிரித்தார். பிறகு, "எனக்கு விசுவாசமாச்சு, நம்பிட்டேன். போர்டுக்கு இந்தக் கணக்குக் கடலாஸ்தான் விசுவாசம். இந்த வருமானத்துக்கு எத்ர ஆகுமோ அத்ர தராம். பாக்கி நீங்க கையில இருந்து போடணும்" என்றார். வரும் ஆண்டுகளில் வருமானத்தைக் கூடுதலாகக் காட்டி வரி கட்டினால் முழுக்கடனும் கிடைக்குமாம். ஓணம் அதுவரை காத்திருக்காதே.

மெஷினை விற்றால் சோறு போய்விடும். மிச்சம் இருந்தது ஊரில் அப்பாவின் தென்னந்தோட்டத்தில் என் பங்கு ஒன்றுதான். தமிழ்நாட்டு நிலத்தை அடமானமாக எடுக்க இங்கே வழியில்லை. கேரளத்து வீட்டுக்குக் கடன் கொடுக்க அங்கே வழியில்லை. இரண்டு பக்கமும் அலைந்து எரிச்சல்தான் மிச்சம். கடைசியில் அண்ணனிடம் போய் நின்றேன்.

"வெளியாளுக்குக் குடுக்காதடா, நானே எடுத்துக்கறேன்" என்றார். கேட்ட விலையைப் பேசாமல் கொடுத்தார். பேரம் பேசியிருந்தால் கோபித்துக்கொண்டாவது விற்காமல் பஸ் ஏறியிருப்பேன்.

ஓணத்துக்கு முன்பே வீடு எங்கள் பேருக்கு வந்துவிட்டது. பத்திரம் சொசைட்டியின் பீரோவில் இருக்கிறது. சரசு கண்ட இடத்திலெல்லாம் ஆணி அடிக்கிறாள். எனக்குத்தான் எந்த அறையிலும் கால் தரிக்கவில்லை.

நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து, காய் வெட்டும்போதெல்லாம் எங்கள் பங்குத் தேங்காயை அண்ணன் பொள்ளாச்சி வழியாக வரும் பஸ்ஸில் போட்டுவிடுவார். பாலக்காட்டில் இறக்கி நான் கொண்டுவருவேன். பங்கு போன பிறகும் நேற்று மூட்டை வந்தது, அதே கனம். சரசு கட்டை அவிழ்க்கப் போனவள் நிமிர்ந்து, "ஏனுங்க, இனி இதுக்கு உங்க அண்ணனுக்குக் காசு குடுக்கோணுமா?" என்று கேட்டாள். நம்ம தோட்டத்துக் காய்க்கு என்ன காசு என்று சொல்ல வாயெடுத்தவன், குனிந்து மூட்டையை வாசல் ஓரமாக நகர்த்தி வைத்தேன். மூட்டையை அவிழ்க்கவும் மனமில்லை, திருப்பி அனுப்பவும் மனமில்லை. சொந்த வீட்டு வாசலில் அது இன்னும் அப்படியே கிடக்கிறது.